நீங்கள் அணைத்த சுவிட்ச்

அப்பா,

நேற்று காலை பட்டறையில் பாஷா பாய் உங்கள் சிவப்பு வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பானெட்டைத் தூக்கியதும் அந்த வாசனை வந்தது. கொதித்த ரேடியேட்டர் தண்ணீரின் வாசனை. கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் ரப்பர் கருகியது போல. என் கல்யாணப் பட்டுப் புடவையில் ஏறியிருந்த இதே வாசனை போக மூன்று முறை சலவைக்குப் போட வேண்டியிருந்தது. பத்து வருஷம் கழித்து அது மூக்கில் ஏறியபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவர் மேல் என்னடி கோபம் என்கிறாள் அம்மா. செத்தவர் மேல்தான் கோபம் ஆறுவதில்லை, எதிரில் நின்று சண்டை போட ஆள் இல்லையே. அதனால் எழுதுகிறேன்.

'நீங்கள்' என்று எழுதுவதைப் பார்த்தால் உங்கள் முகம் சுருங்கும். சுருங்கட்டும். இருபத்தாறு வயது வரை உங்களை 'நீ' என்றுதான் சொன்னேன். வாப்பா, போப்பா, நீ சாப்ட்டியா, நீ சும்மா இரு. நம் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் பேசுவோம், அதை மரியாதைக் குறைச்சல் என்று யாரும் நினைத்ததில்லை. என் பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் அது 'நீங்க' ஆயிற்று. நீங்கள் கண்ணை மூடும்வரை மாறவில்லை. அதன் காரணத்தை நீங்கள் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் ஜீப்பும் காரும் ஓட்டினீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஓர் அதிகாரி. அவர் வீட்டில் காபி குடித்துக் கிளம்ப நேரமாகிவிட்டால், போய் இறங்கிய இடத்தில் "டிரைவர் லேட் பண்ணிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு இருக்காது. "வண்டி ஓட்டறவன் பேசக் கூடாது, பேசறவன் ஓட்டக் கூடாது" என்று மட்டும் சொல்வீர்கள். சின்ன வயதில் அதை ரோட்டு விதி என்றே நினைத்திருந்தேன்.

ரிட்டையர் ஆன இரண்டாம் மாதம் அந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று அதை விற்றிருந்தார். அவரும் யாரிடமோ பழசாக வாங்கியதுதான். சிவப்பு வண்டி. மேலே தகரம் கிடையாது, மடக்கிப் பின்னால் தள்ளிவிடுகிற துணிக் கூரை. இரண்டே இரண்டு சீட்டு. அம்மா விளக்குமாற்றைக் கையில் வைத்தபடி அதைச் சுற்றி வந்தாள். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது கொடையுதுன்னா நான் என்னா பண்ணட்டும்" என்றாள். நீங்கள் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னீர்கள்:

"பின் சீட்டே இல்லாத வண்டிடி இது."

அன்றைக்கு எனக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் உங்கள் பக்கம் நின்றேன். அந்த வண்டிக்காக நான் உழைத்ததையெல்லாம் நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அது வண்டியா? இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு முறையும் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, நீங்கள் கை தூக்கிக் கும்பிடு போடுவீர்கள், என்னமோ ஓட்டுக் கேட்டுப் போகிறவர் மாதிரி. துணிக் கூரை வெயிலில் மூடிக்கொள்ளும், மழையில் திறந்துகொள்ளும். ஐப்பசி மழையில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, அம்மா சொம்பு வைத்து மொண்டு கொட்டினாள். பாஷா பாய் செங்கம் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர், எந்த வண்டிக்கும் கை கொடுப்பவர். அவரே, "சார், இதுக்கு பார்ட்ஸ் கெடைக்காது, இதுக்கு சாமிதான் கெடைக்கணும்" என்றார். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டியின் அடியில் போயின. ஹாரனைச் சரிசெய்தது நான். எலி கடித்த வயர்களை மாற்றியது நான். நீங்கள் டார்ச் பிடித்தீர்கள்.

உங்களோடு டிரையல் போனது அதைவிடக் கொடுமை. கிரிவலப் பாதையில்தான் ஓட்டிப் பார்ப்பீர்கள், அதுவும் வலமாக மட்டும். மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். "வண்டியே ஆனாலும் மலைய எடமா சுத்தக் கூடாது" என்று ஒரே பிடிவாதம். ஒரு தடவை பாதையில் ஏறி இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. திருப்பித் தள்ளியிருந்தால் அரை மணியில் பட்டறை. நீங்கள் திருப்பவில்லை. அடி அண்ணாமலை வழியாகப் பதினாலு கிலோமீட்டர் வட்டத்தில் மீதி அத்தனையையும் தள்ளியும் டிராக்டரில் கயிறு கட்டியும் முழுசாக முடித்துத்தான் ஊருக்குள் வந்தோம். பூ விற்கிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்று நான் வழி நெடுக உங்களைத் திட்டினேன், 'நீ' போட்டு வாய் நிறையத் திட்டினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே தள்ளினீர்கள்.

அதன் தீராத வியாதி சூடு. ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டியது, சுற்றாது. சூடு பார்த்து அதை ஓட விடுகிற பாகத்துக்காக நீங்கள் சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய்விட்டு வெறும் கையோடு வந்தீர்கள். கடைசியில் நான்தான் ஒரு ரிலே வைத்து, வீட்டில் லைட்டுக்குப் போடுகிற வெள்ளை சுவிட்ச் ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் திருகிக் கொடுத்தேன். சூடு காட்டுகிற முள் ஏறினால் போடு, இறங்கினால் அணை. "பாப்பா, நீ இஞ்சினியருக்கு மேல" என்றீர்கள். பின்னால் வேறு ஒன்றைச் சொன்ன அதே வாயால் சொன்னதுதான் அதுவும்.

கல்யாணம் முடிவானதும் பெண்ணழைப்புக்கு நம்ம வண்டிதான் என்று ஆரம்பித்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை இல்லை, பதினைந்து நாள் சொன்னேன். ஊர்வலம் ஆள் நடக்கிற வேகத்தில் போகும், காற்று உள்ளே வராது, கொதித்துவிடும், வாடகைக்கு ஒரு சாதாரணக் கார் சொல்லுப்பா என்று கெஞ்சினேன். நீங்கள் யார் யாருக்கோ பத்திரிகை வைத்துவிட்டு வந்தீர்கள். உங்கள் பழைய அதிகாரிகள் வருகிறார்கள், மண்டப வாசலில் நிற்பார்கள், நீங்கள் கூரை இல்லாத வண்டியில் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டி வருவதை அவர்கள் பார்க்க வேண்டும். அதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கிளம்பினதிலிருந்து மண்டபம் வரும்வரை ஃபேனை அணைக்கக் கூடாது என்று சொல்லி ஒத்துக்கொண்டேன். "அண்ணாமலையார் மேல சத்தியமா அணைக்க மாட்டேன்" என்றீர்கள்.

பிள்ளையார் கோவிலிலிருந்து புறப்பட்டபோது மணி ஆறு. நீங்கள் பட்டுச் சட்டையில் இருந்தீர்கள். மத்தியானம் எனக்குத் தெரியாமல் வண்டி முழுக்க சீரியல் லைட் சுற்றி, அதை அந்தச் சின்ன பேட்டரியிலேயே கொடுத்திருந்தீர்கள். மேளம், பேண்டு, வீடியோ வெளிச்சம். மண்டபத் தெருவில் திரும்பும்போது காலடியில் வர வேண்டிய ஃபேன் இரைச்சல் வரவில்லை. மேளம் ஓய்ந்த ஒரு நொடியில்தான் அது எனக்கு உறைத்தது. குனிந்து பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

"அப்பா, ஃபேன போடு."

"போட்டா லைட்டு மங்குது பாப்பா. தோ மண்டபம் வந்துடுச்சி. கம்முனு இரு."

சுவிட்ச் உங்கள் வலது கைப் பக்கம். என் மடியில் தட்டு, கை நிறைய வளையல், மாலை. எட்டவில்லை. மண்டபத்துக்கு முப்பது அடி இருக்கும்போது பானெட் ஓரத்திலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. யாரோ நெருப்பு என்று கத்த, பேண்டுக்காரர்கள் ஓடினார்கள். வண்டி நின்றது. நெருப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், கால் மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் தெரியும். ஆனால் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மாமியாருக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஆரத்தியை இறக்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

"பொண்ணு வர்ற வண்டி இப்படிப் பொகைஞ்சி நிக்குதே. யாருக்குங்க இந்த ஆச?"

எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். அதிகாரிகளும். நீங்கள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமாக நின்ற அதே நிற்பு நின்று, கையைக் கூப்பினீர்கள்.

"பாப்பாதாங்க ஆசப்பட்டுச்சி. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

அப்பா, இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன் தெரியுமா? பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில், பிள்ளை பெற்ற கட்டிலில். முப்பது வருஷம் அதிகாரிகள் உங்கள் தலையில் போட்டதைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு நாள் அவர்களுடைய பின் சீட்டு கிடைத்தது. அதில் உட்கார்ந்ததும் நீங்களும் டிரைவரைக் காட்டிக்கொடுத்தீர்கள்.

மணமகள் அறைக்கு வந்து, "மனசுல வச்சிக்காத பாப்பா, அந்த நேரத்துக்கு வாயில வந்துடுச்சி" என்று மெதுவாகச் சொன்னீர்கள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க போய் வந்தவங்களப் பாருங்க" என்றேன். கதவருகில் ஒரு நொடி நின்றீர்கள். அந்த 'நீங்க' காதில் விழுந்தது என்று தெரிந்தது.

போளூரில் என் புகுந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'கார் கேட்டவ'. மிக்ஸி கருகினால் கார் கேட்டவள் கை பட்டது. கொழுந்தனுக்குப் பார்த்த சம்பந்தம் தட்டிப் போனால், கார் கேட்டவள் வந்த நேரம். அதைக் கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள், உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்பது போல சாதாரணமாகச் சொல்வார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். நம்பினார். நம்பிவிட்டு, "உங்க அப்பா வாயால வந்தாத்தான் எங்க அம்மா கேக்கும்" என்றார். அது சரி. நான் சொன்னால் அது சாக்கு, நீங்கள் சொன்னால்தான் உண்மை.

தலைதீபாவளிக்கு வந்தபோது உங்களிடம் கேட்டேன். வாங்க, வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்க, அந்த ஆசை என்னுதுன்னு. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தீர்கள். "பொண்ணு குடுத்த எடம். அப்பன் பொய் சொல்றவன்னு தெரிஞ்சா அவங்க உன்ன மதிப்பாங்களா? அடுத்த வாட்டி வர்றப்ப பக்குவமா சொல்றேன்." அடுத்த வாட்டி பேத்திக்குக் கொலுசு கொண்டுவந்தீர்கள். அதற்கடுத்த வாட்டி பலாப்பழம். வாசலில் செருப்பு மாட்டும்போது என் முகத்தைப் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டுப் பஸ் வந்துவிடும் என்பீர்கள். பாதி வழியில் திரும்புவது உங்களுக்குப் பழக்கம் இல்லை. தப்பாக ஏறிய வழி என்றாலும் முழு வட்டமும் தள்ளிக்கொண்டே வருகிற ஆள்.

நானும் விடவில்லை. போனில் "சாப்ட்டீங்களா, மாத்திர போட்டீங்களா." சொந்தக்காரர்கள், கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்கு மரியாதை வந்துவிட்டது என்று உங்களிடமே பாராட்டினார்கள். என் மாமியார்கூட மெச்சினார். நீங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். அதைப் பார்த்து எனக்கு உள்ளே குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில், காலை பத்து மணிக்கு, அம்மா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். நர்ஸ் வந்து போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனதும் நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"ஒரு வாட்டி நீன்னு கூப்புடு பாப்பா."

உங்களிடம் நான் கேட்டது ஒரு வாக்கியம். என்னிடம் நீங்கள் கேட்டது ஓர் எழுத்து. ஒன்பது வருஷம் இழுத்தடித்தவருக்கு இன்னும் ஒரு நாள் போகட்டுமே என்று நினைத்தேன். "தூங்குங்க" என்றேன். தூங்கினீர்கள். மறுநாள் விடிவதற்கு முன்பே போய்விட்டீர்கள். இதற்காக என் மேல் எனக்கு வரும் கோபத்தையும் உங்கள் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு என்ன?

காரியமெல்லாம் முடிந்து போளூர் திரும்பியதும் மாமியாரிடம் நானே சொன்னேன். அந்த வண்டியை நான் கேட்கவில்லை, வேண்டாம் என்றேன், அப்பாதான் ஆசைப்பட்டார் என்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரு கேட்டா என்னா இப்ப. ரெண்டும் உங்க வீடுதான்" என்றார். ஒன்பது வருஷமாக நான் பொத்திவைத்திருந்த நியாயத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான். அடுத்த வாரம் கிரைண்டர் நின்றபோது பழையபடி கார் கேட்டவள் ஆனேன்.

போன வாரம் பெண்ணழைப்புக்கு அலங்கார வண்டி விடுகிற ஒருவர் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து, சிவப்பு வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டாராம். கூரை இல்லாத வண்டிக்கு இப்போது நல்ல கிராக்கியாம். அம்மாவுக்கு வாசல் காலியானால் போதும். இன்னொரு பெண்ணை அதில் ஏற்ற விட மாட்டேன் என்று கத்திவிட்டு, பாஷா பாயிடம் தள்ளிக்கொண்டு போய்ச் சரிசெய்யச் சொன்னேன். அப்படித்தான் நேற்று காலை பட்டறையில் நின்றேன். அவர் ஹோஸ் பைப்பை மாற்றிக்கொண்டே, கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"சார் இங்க வந்து ஒக்காந்தாருன்னா இதே பேச்சுதாம்மா. வண்டி என் ஆச பாய், பழிய பாப்பா தலையில போட்டுட்டேன்னு. இந்த டீக்கடையில எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் தெருமுனை வரைக்கும் போனாக்கூட ஃபேன போட்டுட்டுத்தான் எடுப்பாரு."

ஆக, பட்டறைக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், பஞ்சர் போட வந்தவனுக்கெல்லாம் தெரியும். செங்கம் ரோடு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டு, சொல்ல வேண்டிய ஒரு வாசலில் மட்டும் பலாப்பழத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இங்கிருந்து போளூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். வாய் இல்லாத மனிதர் என்று உங்களை நினைத்துப் பாதி மன்னித்து வைத்திருந்தேன். வாய் இருந்திருக்கிறது. எனக்காகத் திறக்கத்தான் அது இல்லை.

"டிரையல் பாத்துட்டு வாங்கம்மா, சூடு ஜாஸ்தியானா ஃபேன போட்டுக்குங்க" என்று பாய் சாவியைக் கொடுத்தார். அந்த வண்டியின் ஸ்டீயரிங்கை நீங்கள் ஒரு நாளும் என் கையில் கொடுத்ததில்லை. நேற்றுதான் முதல் முறையாக உங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். நான் மாட்டிய வெள்ளை சுவிட்சை அந்தப் பக்கத்திலிருந்து அப்போதுதான் பார்த்தேன். உங்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் மஞ்சளாகத் தேய்ந்திருந்தது.

கிரிவலப் பாதையில் ஏறினேன். பழக்கம். அடி அண்ணாமலைக்கு வெகு முன்னாலேயே முள் மேலே போக ஆரம்பித்தது. ஓரம் கட்டி ஆறவிட்டேன். மலையைப் பார்த்தேன். பிறகு வண்டியைத் திருப்பினேன். ஆமாம் அப்பா, திருப்பினேன். மலை இடது கைப் பக்கம் வர, வந்த வழியே வந்தேன். எதிரே நடந்து வந்த ஒருவர் முறைத்தார். வேறு ஒன்றும் ஆகவில்லை. பாதி வழியில் திரும்பினால் ஒன்றும் ஆகாது என்பதை உங்களுக்குக் காட்ட வேண்டும் போல அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

ஆசிரமத்துக்கு முன்னால் ஒரே நெரிசல். ஆட்டோ, பஸ், ரோட்டைக் கடக்கிற கூட்டம். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. அதே வேகம். அதே இனிப்பு வாசனை லேசாக ஆரம்பித்தது. என் வலது கை தானாகக் கீழே போய் அந்தத் தேய்ந்த ஓரத்தை அழுத்தியது. ஃபேன் இரைந்தது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இவ்வளவுதான் அப்பா. ஒரு விரலால் ஆகிற வேலை. லைட் மங்கியிருந்தால் மங்கட்டுமே, யார் செத்துப் போயிருப்பார்கள்?

இடது பக்கம் திரும்பினேன், அன்றைக்கு நான் மாலையும் தட்டுமாக உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்து. காலியாக இருந்தது. கூரை இல்லாத வண்டி, ரோடே பார்க்கிறது, பார்க்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னேன்ல. நீ ஏம்பா அணைச்ச?"